அடைக்கு வைத்த பேட்டரிகள்

உப்பிப்போன ட்ரோன் பேட்டரியை இடுப்பில் கட்டிக்கொண்டு அடைகாக்கும் வேலை ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று ஜி பிளாக் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்களில் நாற்பத்தொரு பேர் அடுத்த வாரமே பெயர் கொடுத்துவிட்டார்கள். இது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அந்த வேலையைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை.

டில்லிராணி அந்த நாற்பத்தொரு பேருக்கும் ஏஜெண்டு. வயது நாற்பத்தாறு. சட்டை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருடம் காஜா எடுத்தவள். மிஷின்கள் ஆளில்லாமல் தைக்கக் கற்றுக்கொண்டதும், ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடம் இன்னும் இருக்கிறது. முழங்கால்தான் போய்விட்டது. எட்டு மாடிக் கட்டடத்தில் தேர்தல் வந்தால் மட்டும் ஓடும் லிஃப்டை நம்பி ஏஜெண்டு வேலைக்கு ஒப்புக்கொண்டது அவள் செய்த முதல் முட்டாள்தனம்.

நகரத்தில் ட்ரோன் இல்லாத வீடு இப்போது கிடையாது. மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் டப்பாவை ஆபீசுக்குக் கொண்டுபோகிறது, மாவு பாக்கெட் வாங்கி வருகிறது. செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். அக்னி நட்சத்திரம் பிறந்தால் அதன் பேட்டரி உப்பும். தட்டையாக இருந்தது நடுவில் பூரி மாதிரி எழும்பி நிற்கும். குத்தினால் தீப்பிடிக்கும், அழுத்தினால் தீப்பிடிக்கும், சும்மா விட்டாலும் தன் இஷ்டத்துக்கு ஒருநாள் தீப்பிடிக்கும். ஊருக்கு வடக்கே இப்படிச் சேர்த்து வைத்திருந்த கிடங்கு ஒன்று மூன்று நாள் நின்று எரிந்தது. அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது: ஒரு கூரையின் கீழ் ஆறு உப்பல்களுக்கு மேல் வைக்கக் கூடாது.

சட்டம் போட்டவர்கள் ஜனங்களைக் காப்பாற்றத்தான் போட்டார்கள். புத்துயிர் எனர்ஜி என்ற கம்பெனி அதை ஆற அமரப் படித்துவிட்டு, ஊரில் ஏழைகளுக்கு எத்தனை கூரை இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தது.

பயிற்சி நாளன்று கார்முகிலன் என்ற என்ஜினீயர்தான் வந்து விளக்கினான். முப்பது வயதிருக்கும். மரியாதையான பையன். ஒவ்வொரு பெண்ணையும் அக்கா என்றான்.

"இந்தப் புது பேட்டரிக்குள்ள என்சைம்னு ஒண்ணு வச்சிருக்கோம்க்கா. உள்ள சேர்ந்த காத்த அது மெதுவா தின்னுடும். உப்பல் வடிஞ்சு மறுபடி தட்டை ஆயிடும். ஆனா அதுக்கு ஒரே சீரா உடம்புச் சூடு வேணும். முப்பத்தாறரைக்குக் கீழ போனா தூங்கிடும். முப்பத்தெட்டுக்கு மேல போனா செத்துடும்."

"சூடு தானே சார்? மெஷின்ல வச்சு பண்ண வேண்டியதுதானே?" என்று கேட்டாள் டில்லிராணி.

"பண்ணலாம். ஆனா ஒரு எடத்துல ஆறுதான் வைக்கலாம். ஆறுக்கு ஒரு மெஷின், அதுக்கு ஒரு ரூம், அதுக்குக் கரண்டு, காவலுக்கு ஒரு ஆள். கட்டுப்படியாகாது."

"நாங்க மட்டும் கட்டுப்படியாவோமா?"

"நீங்க ஏற்கெனவே சூடாத்தானே இருக்கீங்க?" என்றான் அவன். அவன் கிண்டல் செய்யவில்லை, கணக்கைத்தான் சொன்னான். அதிலும் பெண்கள் சிரித்தார்கள்.

வேலை சுலபம்தான். வயிற்றைச் சுற்றி ஆறு பையுள்ள பெல்ட். பைக்கு ஒரு உப்பல். மூன்று நாள் கழற்றக் கூடாது. குளிக்கும்போது மட்டும் கால் மணி நேரம் கம்பளிக்குள் சுருட்டி வைக்கலாம். ஏதாவது ஒன்று சுருக்கென்று சுட்டால் இடது பக்கக் கொக்கியை இழுக்க வேண்டும். பெல்ட் மொத்தமாகக் கழன்று கையோடு வரும். அதை வாசலில் இருக்கும் மணல் வாளியில் போட்டுவிட்டு ஓட வேண்டும். எந்தக் கருவிக்கும் முன்னால் மனிதத் தோலுக்குச் சூடு தெரிந்துவிடும் என்று கார்முகிலன் பெருமையாகச் சொன்னான். தோல் அவர்களுடையது, பெருமை கம்பெனியுடையது.

மூன்றாம் நாள் காலை டில்லிராணி வருவாள். பேட்டரியைத் தரையில் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். வயிறு இறங்காத பேட்டரி பம்பரம் மாதிரி சுற்றும். தட்டையானது அரைச்சுற்று போய்ப் படுத்துவிடும். இது கார்முகிலன் சொல்லிக்கொடுத்ததல்ல, அந்தப் பெண்களே கண்டுபிடித்தது. கம்பெனி தந்த அளவுகோலை யாரும் தொடுவதேயில்லை.

பெல்ட் அவர்களுடைய உடம்புச் சூட்டை நாள் முழுக்க அளந்து அனுப்பும். அதை வைத்து ஆளுக்கு ஒரு கிரேடு வரும். சாதாரண உடம்பு பி. சில்லென்ற உடம்பு சி. அரை டிகிரி கூடுதலாகக் கொதிக்கும் உடம்பு ஏ. ஏ உடம்பில் மூன்று நாள் வேலை இரண்டு நாளில் முடியும். பெரிதாக உப்பிய, மற்றவர்களிடம் வடியாத பேட்டரியும் அங்கே வடியும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் உங்கள் பேட்டரி உங்கள் வீட்டில் என்று கம்பெனி விளம்பரம் செய்வது அந்த ஏ உடம்புகளை வைத்துத்தான். கிரேடு ஏஜெண்டின் கைபேசியில் மட்டும்தான் தெரியும். கட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கூலி கூட்டிக் கேட்பார்களாம்.

ஏ எதனால் வருகிறது என்று டில்லிராணிக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகவே புரிந்துகொண்டாள். எல்லாப் பெண்களுக்கும் மாதத்தில் பாதி நாள் ஏ, மீதி நாள் பி என்று மாறி மாறித்தான் வரும். ஐந்தாம் மாடி மெகருன்னிசாவுக்கு மட்டும் ஒருமுறை ஏ போகவே இல்லை. இருபது நாள், நாற்பது நாள் என்று நின்றது. ரம்ஜான் கழிந்ததும் அவள் வெட்கத்தோடு வந்து விஷயத்தைச் சொன்னாள். டில்லிராணி அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

கர்ப்பிணிகள் பெல்ட் கட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு திங்கள்கிழமையும் கைபேசியில் கட்டைவிரல் வைத்து, நான் கர்ப்பமாக இல்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். எல்லாரும் வைப்பார்கள். மெகருன்னிசாவும் வைத்தாள். மூன்று மாதம் முடியாமல் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் கண் பட்டுவிடும். ஜி பிளாக்கில் கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், தர்காவுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் ஒத்துப்போகும் விஷயம் இது ஒன்றுதான். தெரிந்தவர்களும் கேட்க மாட்டார்கள். கேட்பதும் கண் வைப்பதுதான்.

நான்காம் மாடி ரக்ஷனாவுக்கு இந்த மௌனம் மற்றவர்களைவிட முக்கியம். முப்பத்தொரு வயது. புருஷன் தீனதயாளன் தண்ணி லாரி ஓட்டுகிறான். கல்யாணமாகி எட்டு வருடம். நாலு வருடத்துக்கு முன் ஒருமுறை நாள் தள்ளிப்போனதும் சந்தோஷம் தாங்காமல் மாடி மாடியாகப் போய் மைசூர்பாகு கொடுத்தாள். பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு திரும்பினாள். ஆறுதல் சொல்ல வந்தவர்களே, கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று வராந்தாவில் அவள் காதுபடப் பேசினார்கள். டில்லிராணியும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தாள். அவள் பேசவில்லை, மறுத்தும் பேசவில்லை.

போன தை மாதம் கம்பெனியே காலனியிலுள்ள குழந்தையில்லாதவர்களுக்கு இலவச முகாம் நடத்தியது. ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் இலவசம். ரக்ஷனா வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்பெனி வேனில் ஏற்றியவள் டில்லிராணிதான்.

பங்குனி முதல் வாரத்தில் ரக்ஷனாவின் பெயருக்கு நேரே ஏ வந்தது. பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, போகவில்லை. ஒருநாள் காலை கதவைத் திறந்தவள், உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லாமல் கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஏதோ கிரேடு போடுவாங்களாமே. எனக்கு இன்னாக்கா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது கண்ணு."

"எட்டாவது மாடில சொன்னாங்க, ஏ வந்தா நல்லதாம். ஏ தானே?"

அவள் கேட்டது கிரேடை அல்ல என்று டில்லிராணிக்குத் தெரிந்தது. தெரிந்தது என்பது ரக்ஷனாவுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

"ஏ தான்," என்றாள் டில்லிராணி.

அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை அதே கேள்வி, அதே பதில். குழந்தையைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏ தானேக்கா என்பாள். ஏ தான் என்றதும் ரக்ஷனாவின் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளையுடையதாக ஆகிவிடும். பிறகு திங்கள்கிழமையானால் கட்டைவிரலைக் கைபேசியில் வைப்பாள்.

டில்லிராணி சொல்லியிருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி வீசு, வயிற்றில் அதைக் கட்டாதே என்று ஒரு வார்த்தை போதும். சொல்லாததற்குக் காரணம் மூன்று மாத மௌனம் என்றுதான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதி உண்மை, பேட்டரி வந்து சேரும் கம்பெனி டெப்போவில் ஃபேனுக்கு அடியில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஏ பேட்டரிகள் அதிகம் கொண்டுவரும் ஏஜெண்டுக்கு அந்த நாற்காலி என்று சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. அவள் முழங்கால் இரண்டும் எப்போதும் அந்த நாற்காலியையே நினைத்துக்கொண்டிருந்தன.

மனசு கேட்காமல் ஒருநாள் டெப்போவில் கார்முகிலனைத் தனியாகப் பிடித்தாள்.

"சார், ஏ வர்றவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உடம்பு சூடா இருக்கிறவங்க."

"ஏன் சூடா இருக்காங்கன்னு கேக்கறேன்."

"அதை நாங்க கேக்கறதில்லக்கா. கேட்டா எங்களுக்குத் தெரியும்னு ஆயிடும். அவங்க இல்லன்னு கைரேகை வச்சிருக்காங்க. நம்ம கையில அதுதான் இருக்கு."

"வயித்துல அந்தக் கருமத்தைக் கட்டிக்கினு இருந்தா உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆகும்னு இதுவரைக்கும் ஒரு ஆய்வும் சொல்லல."

"ஆய்வு பண்ணாங்களா?"

"இல்ல," என்றான். கொஞ்சம் பொறுத்து, "அதனாலதான் சொல்லல," என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் வெட்கம் இருந்தது. வெட்கப்படுகிற பையன்தான் என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மூணு மாசம் கழிச்சு அவங்களே சொல்லிட்டு நின்னுடுவாங்கக்கா. அதுக்கப்புறம் சூடும் தானா எறங்கிடும், பி ஆயிடுவாங்க. கூடுதல் சூடு இருக்கறது மொத மூணு மாசம்தான். அந்த மூணு மாசம்தான் இங்க யாரும் வாயத் திறக்கறதில்ல. ரெண்டும் ஒத்துப்போச்சு. நாங்க ஒண்ணும் ஏற்பாடு பண்ணல."

"அப்ப அந்த முகாம்?"

"அது சமூக சேவை," என்றான் அவன், திரையைப் பார்த்துக்கொண்டே.

டில்லிராணி வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ் போயிற்று. வேனில் ஏறும்போது ரக்ஷனாவின் கை ஈரமாக இருந்தது ஞாபகம் வந்தது. இன்னும் நாலு வாரம், மூன்று மாதம் முடிந்துவிடும், அவளே சொல்லிவிடுவாள், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டாள். மெகருன்னிசாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே. அந்தப் பிள்ளை இப்போது வராந்தாவில் தவழ்கிறது.

அக்னி நட்சத்திரத்தின் ஏழாம் நாள். ஊரிலுள்ள ட்ரோன் எல்லாம் உப்பிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து பெட்டிகளை இறக்கியது. டில்லிராணி கைபேசியில் அன்றைய பட்டியலைத் திறந்தாள். நான்காம் மாடி, பதினோராம் எண், ரக்ஷனா. பி.

பட்டியலை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள். பி. கைபேசியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பி. கார்முகிலனைக் கூப்பிட்டாள்.

"ஆமாக்கா, பாத்தேன். ரெண்டு நாளா எறங்கிட்டே வந்து நேத்து பி ஆயிடுச்சு. ஏ பேட்டரி அவங்ககிட்ட குடுத்துடாதீங்க, வடியாது, இன்னும் உப்பும். பி பெட்டியிலேருந்து ஆறு குடுங்க."

"பெல்ட்டு கெட்டுப் போயிருக்கும் சார்."

"பெல்ட் நல்லாத்தான் இருக்கு."

"ஒன்பது வாரம்தான் சார் ஆவுது. நீங்க சொன்னது மூணு மாசம்."

 அவனுக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது, டெப்போ ஆட்களாக இருக்கும்.

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?" என்றாள் டில்லிராணி.

"ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிடும்க்கா. சில சமயம் சூடு எறங்கினதுக்கு அப்புறம்தான் மத்தது." பிறகு தாழ்ந்த குரலில், "சாரிக்கா," என்றான்.

நாலு மாடி ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்றாள், முழங்காலுக்காக அல்ல. ஒரு பெண்ணுக்கு அவள் வயிற்றில் நடந்தது தெரிவதற்கு முன் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது, டெப்போவில் சிரிக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, படியேறி வருகிற ஏஜெண்டுக்குத் தெரிந்திருக்கிறது. டில்லிராணிக்கு அழுகையைவிட அவமானமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பவள் மாதிரி கதவைத் தட்டினாள்.

ரக்ஷனா கதவைத் திறந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

"ஏ தானேக்கா?"

"ஏ தான்."

ரக்ஷனா தலையாட்டினாள். முகம் மாறவில்லை. உள்ளே வரச் சொல்லி, ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். பிறகு புடவையை ஒதுக்கிக் கொக்கியைக் கழற்றி பெல்ட்டைத் தரையில் வைத்தாள். ஆறு பேட்டரியையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். டில்லிராணி சுண்டுவதற்குக் கையை நீட்டும் முன் அவளே முதலாவதைச் சுண்டினாள்.

சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவதும் சுற்றியது. மூன்றாவதைச் சுண்டவில்லை.

"நேத்து சாயங்காலமே பாத்தேன்க்கா. எப்பவும் இந்நேரம் படுத்துடும். எல்லாம் சுத்துச்சு."

டில்லிராணி நீட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டாள். 

"வாந்தியும் ரெண்டு நாளா இல்ல. அவருகிட்ட சொல்லல. நீங்க காலையில வந்து ஏ தான்னு சொல்லிட்டா, இன்னும் ரெண்டு நாள் இருக்கும்னு நெனச்சுக்கலாம்னு இருந்தேன்." அவள் பேட்டரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்களும் சொன்னீங்க. நல்லவங்கக்கா நீங்க."

அதைவிட அவள் செருப்பால் அடித்திருக்கலாம்.

"கண்ணு, கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம். டாக்டர் பாக்கட்டும். மிஷின் சொல்றதெல்லாம்…"

"போலாம். அவரு லாரிய விட்டுட்டு வரட்டும், போலாம்." ரக்ஷனா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் முன்னாடியே பெல்ட்டக் கழட்டியிருக்கணுமாக்கா?"

டில்லிராணி இருபது வருடத்துக்கு மேலாக எத்தனையோ மேஸ்திரிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பதில் சொல்லிப் பிழைத்தவள். இதற்கு மட்டும் பொய் சொல்ல வரவில்லை. தெரியாது என்பதுதான் நிஜம். பேட்டரியாலும் இருக்கலாம், அதில்லாமலும் நடந்திருக்கலாம். யாரும் ஆராய்ந்து பார்க்காத விஷயம். "எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, நான் சொல்லியிருக்கணும்," என்று சொன்னாள். 

"நீங்க சொன்னா நான் கண்ணு வச்சீங்கன்னு சண்டைக்கு வந்திருப்பேன்," என்றாள் ரக்ஷனா. அதுவும் நிஜம்தான்.

வெளியே எங்கோ ஒரு ட்ரோன் ஜன்னலோரமாகப் போனது. ரக்ஷனா அதன் சத்தம் தேயும்வரை காத்திருந்தாள்.

"இதுல ஒண்ணு எனக்கு வேணும்க்கா."

"உப்பலா? அது வெடிக்கும்மா."

"தெரியும். மணல்ல வைக்கிறேன்."

அவள் ஒன்றை எடுத்தாள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று தெரியவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போய், சிவப்பு வாளி முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மணலைக் கையால் தோண்டி அதை உள்ளே படுக்கவைத்து மூடினாள். மேல் மணலை உள்ளங்கையால் தடவித் தடவிச் சமமாக்கினாள். டில்லிராணி பக்கத்தில் நின்றாள். பிறகு, நிற்பது சரியில்லை என்று பட்டு, வலிக்கிற முழங்காலை மடக்கித் தானும் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரக்ஷனா எழுந்து உள்ளே போனாள். "நீங்க மத்த வீட்டுக்குப் போங்கக்கா. டைம் ஆவுது," என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

டில்லிராணி வராந்தாவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கைபேசியை எடுத்தாள். வரவு ஐந்து என்று போட்டாள். ஒன்று எங்கே என்று கேட்டது. மூன்று காரணம் கொடுத்திருந்தார்கள்: திருட்டு, தொலைந்தது, எரிந்தது. எரிந்தது என்பதைத் தொட்டாள். அடுத்த கேள்வி வந்தது.

உயிர்ச்சேதம் உண்டா?

இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வி வரை அவள் வந்ததில்லை. கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இல்லை என்று தொட்டால் வேலை முடிந்தது. மாலையில் டெப்போவுக்குப் போகலாம். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆம் என்பதைத் தொட்டாள்.

எத்தனை பேர் என்றது. ஒன்று. வயது என்றது. சுழியம் போட்டாள். ஏற்றுக்கொண்டது.

முதலில் கைபேசி அலறியது. பிறகு கட்டடமே கூவ ஆரம்பித்தது. உயிர் போனால் அந்தக் கட்டடத்திலுள்ள அத்தனை பெல்ட்டும் உடனே கழற்றப்பட வேண்டும், அரசாங்க அதிகாரி வந்து பார்க்காமல் மறுபடி கட்டக் கூடாது. பயிற்சி நாளன்று கார்முகிலன் வேகமாகத் தாண்டிப்போன பக்கத்தில் இருந்த விதி அது. நாற்பது பெண்களின் இடுப்பும் ஒரே நேரத்தில் கூவியது. எட்டு மாடியிலும் கதவுகள் திறந்தன. கையில் கரண்டியோடும், தலையில் துண்டோடும், பாதி கட்டிய புடவையோடும் வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள்.

கார்முகிலன் அழைத்தான். "அக்கா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"ரக்ஷனா வீட்ல ஒரு உயிர் போச்சு சார்."

புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு கணம் ஆயிற்று. "அக்கா, அது… அது எங்க கணக்குல உயிர் கிடையாதுக்கா. அதிகாரி வந்தா பிளாக்கையே மூடிடுவாங்க. பத்து நிமிஷத்துக்குள்ள ரத்து பண்ணிடுங்க, ப்ளீஸ்."

"ரெண்டு மாசமா உங்க லிஸ்ட்ல இருந்துச்சே சார். அதை வச்சுத்தானே ஏ போட்டீங்க? அப்ப மட்டும் உயிரா இருந்துச்சா?"

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே கைபேசியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

மேலிருந்தும் கீழிருந்தும் பெண்கள் எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். எந்த வீடு, யாரு போனது, தீப்பிடிச்சுதா, புகையே காணோமே. கழற்றட்டுமா வேண்டாமா என்று கொக்கியைப் பிடித்தபடி தயங்கினார்கள். பாதி அடையில் கழற்றினால் மூன்று நாள் உழைப்பும் வீண்.

"டில்லிக்கா, இன்னா நடந்துச்சுன்னு சொல்லேன். சும்மானாச்சும் அடிச்சுதா?" என்று எட்டாம் மாடியிலிருந்து ஒருத்தி எரிச்சலோடு கேட்டாள்.

டில்லிராணி நிமிர்ந்து பார்த்தாள். சொல்ல வேண்டியது அவள் சொல்லக் கூடியதல்ல. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

பின்னால் கதவு திறந்தது. ரக்ஷனா வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கையில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. எட்டு மாடிக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் சொன்னாள்.

"என் வீட்லதான். ஒன்பது வாரம். பெல்ட்டு கட்டிக்கினுதான் இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல."

கட்டடம் கூவிக்கொண்டே இருந்தது. மனிதக் குரல் மட்டும் நின்றுவிட்டது. அதுக்காகவா எங்க எல்லாரு பொழைப்பையும் கெடுக்கணும் என்று எட்டாம் மாடிக்காரி முனகியது நன்றாகக் கேட்டது. யாரும் அவளை அடக்கவும் இல்லை.

பிறகு இரண்டாம் மாடியில் ஒரு கொக்கி கழலும் சத்தம். அடுத்தது ஆறாம் மாடியில். மூன்றாவது அதே நான்காம் மாடியில், நாலு கதவு தள்ளி.  கழற்றிய மூன்று பேரும் பெல்ட்டை மணல் வாளியில் போட்டுவிட்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

டில்லிராணி கைபேசியைத் திறந்து பார்க்கவில்லை. அந்த மூன்று பேருக்கும் இருபது நாளுக்கு மேலாக ஏ என்பது அவளுக்கு மனப்பாடம். மீதிப் பெண்கள் இன்னும் கொக்கியில் கையை வைத்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.